சீனி போடாத கடற்பாசி

விசுவமடு,
15.02.2026

திருமதி றினோஸா சிறாஜ் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. பெயர் நல்லதம்பி. இங்கே தபாலகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வுபெற்றவன். போன வருடம் கிளிநொச்சி வீட்டுத்தோட்டக் கண்காட்சியில் என் மனைவி கமலேஸ்வரி உங்களிடம் ஒரு ஜெல் கோப்பை வாங்கினாள். கடற்பாசி காய்ச்சி ஊற்றிய பிளாஸ்டிக் கோப்பை. தடியைக் குத்திவைத்தால் வேர் இறங்குவதை வெளியில் நின்றே பார்க்கலாம் என்று சொன்னீர்களாம். ரோசாத் தடி ஒன்று வைத்தாள், வேர்விட்டது. வெறும் கோப்பையை அலுமாரிக்குள் வைத்திருந்தாள். அதில் ஒட்டிய துண்டிலிருந்து உங்கள் முகவரியை எடுத்தேன். தொலைபேசி இலக்கம் தண்ணீர் பட்டு அழிந்துவிட்டது.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். கமலத்துக்கு மார்பில் கட்டி. தை மாதம் முதல் கொழும்பில் மகள் சாரங்காவோடு நின்று வைத்தியம் பார்க்கிறாள். வயல் வெட்டு இருந்ததால் நான் போகவில்லை. போகும்போது எனக்கு ஒரேயொரு வேலைதான் சொன்னாள். வாசலில் நிற்கும் வெள்ளை அடுக்குச் செவ்வரத்தைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பன்னிரண்டு வருடமாகப் பிள்ளை மாதிரி வளர்த்த செடி.

அவள் வரும்போது முற்றம் துப்புரவாக இருக்கட்டும் என்று வேலியோரப் புல்லுக்குக் களைநாசினி ஊற்றினேன். பூவாளியில் கரைத்து ஊற்றினேன். அடுத்த நாள் காலை அதே பூவாளியைக் கழுவாமல் செவ்வரத்தைக்கு ஊற்றிவிட்டேன். நாலாம் நாள் ஒரு பக்க இலையெல்லாம் மஞ்சள். பச்சையாய் இருந்த பக்கத்திலிருந்து எட்டுத் தடி வெட்டி வாளித் தண்ணீரில் வைத்திருக்கிறேன்.

தினமும் பின்னேரம் போனில் அவளின் முதல் கேள்வி, "செவ்வரத்தை எப்பிடி?" நேற்று நான் சொன்ன பதில், "அஞ்சு பூ பூத்திருக்கு." பங்குனி கடைசியில் வந்துவிடுவாள்.

எட்டுக் கோப்பை உடனே அனுப்புவீர்களா?

இப்படிக்கு,
க. நல்லதம்பி


பூவரசங்குளம்,
20.02.2026

ஐயாவுக்கு,

கையால் எழுதின கடிதம் இந்த வீட்டுக்கு வந்து எத்தனை வருடமோ. யாரோ வழக்குப் போட்டுவிட்டார்கள் என்று பயந்துதான் உடைத்தேன்.

முதலில் ஏச்சு. மருந்து கரைத்த பூவாளியை யாராவது செடிக்கு ஊற்றுவார்களா? என் மாமி பாத்தும்மா கேட்டுவிட்டு, "ஆம்பிளையளிட்டப் பூவாளி குடுக்கப்படாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டா.

இனி விடயம். எட்டுக் கோப்பையும் இந்தப் பார்சலில் இருக்கின்றன. நேற்றுத்தான் காய்ச்சினேன். மேலே கட்டியிருக்கிற பொலித்தீனில் பென்சிலால் ஒரு துளை போடுங்கள். தடியின் அடியைக் கணுவுக்குக் கீழே சரிவாக வெட்டி, இலைகளில் இரண்டை மட்டும் விட்டு, இரண்டு விரல் ஆழம் இறக்குங்கள். வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். இதை இரண்டு தரம் எழுதுகிறேன், தடியை இழுத்துப் பார்க்க வேண்டாம். இழுத்துப் பார்க்கத் தேவையில்லாமல் இருக்கத்தான் கோப்பையைக் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறோம்.

பொய் நம்பிக்கை தர எனக்கு வராது. மருந்து கொப்புக்குள் ஏறியிருந்தால் ஜெல்லால் ஒன்றும் செய்ய முடியாது. எட்டில் இரண்டு பிழைத்தாலே பெரிய காரியம். வேர் வர நாலைந்து கிழமை செல்லும்.

நேற்று எங்களுக்கு முதல் நோன்பு. நோன்பு திறக்க இனிப்பாய்க் காய்ச்சும் கடற்பாசியில் நான் சீனி போட மறந்துவிட்டேனாம். வாயில் வைத்துவிட்டு வீடே சிரிக்கிறது. எனக்கோ போட்ட மாதிரித்தான் ஞாபகம். வேலை கூடினால் இப்படித்தான்.

என் இலக்கம் கீழே எழுதியிருக்கிறேன். அவசரமென்றால் எடுங்கள்.

றினோஸா


விசுவமடு,
05.03.2026

திருமதி றினோஸா அவர்களுக்கு,

உங்கள் இலக்கத்துக்கு எடுக்கவில்லை. இந்த வீட்டுப் போன் கொழும்புக்கு உரியது. நான் உங்களோடு கதைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கமலம் எடுத்தால் என்னாவது? அதோடு போனில் நான் பொய் சொல்லிப் பழகிவிட்டேன். கடிதத்தில் எனக்கு அது வராது.

நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் சொன்னபடியே செய்தேன். அறையின் வடக்கு யன்னலோரம் வைத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. நாலாம் நாளே ஜெல்லின் மேல் வெள்ளையாய்ப் பஞ்சு படர்ந்தது. பிறகு பச்சை, பிறகு கறுப்பு. பூஞ்சணம். ஐந்து தடி அடியில் அழுகி, தொட்டால் தோல் கழலுகிறது. யன்னலில் எறும்பு வரிசை கட்டி நிற்கிறது. விளக்குமாற்றால் தட்டினாலும் திரும்பத் திரும்ப அந்தக் கோப்பைகளுக்கே வருகிறது.

மூன்று தடி மட்டும் இன்னும் பச்சை. செடி இப்போது முழுதாய்க் கருகிவிட்டது. இனி வெட்ட ஒரு கொப்பும் இல்லை.

என்ன அனுப்பினீர்கள் எனக்கு? கண்காட்சியில் நல்லதை விற்றுவிட்டு, விசுவமடுவில் இருக்கிற கிழவனுக்குப் பழையது போதும் என்று நினைத்தீர்களா? கடுமையாக எழுதுகிறேன் என்று தெரியும். நேற்று அவள் கேட்டாள், "மொட்டு எத்தினை இருக்கு?" ஏழு என்றேன். ஏழு என்று ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

நல்லதம்பி


பூவரசங்குளம்,
08.03.2026

ஐயாவுக்கு,

பழையது அனுப்பினேனா? நோன்போடு அடுப்படியில் நின்று, தொண்டை காயக் காய உங்களுக்காகக் காய்ச்சினது அது. மூன்று வருடமாகச் செய்கிறேன். செட்டிக்குளம், நெடுங்கேணி, மாங்குளம் எங்கும் வீட்டுத்தோட்டக்காரர் வாங்குகிறார்கள். பூஞ்சணம் என்று ஒருவரும் சொன்னதில்லை.

தடியை வெட்டின கத்தியைக் கழுவினீர்களா? பூவாளியையே கழுவாதவர் கத்தியைக் கழுவியிருப்பீர்கள் என்று நான் எப்படி நம்புவது? எறும்பு உங்கள் வீட்டு எறும்பு. அதற்கும் நானா பொறுப்பு?

மூன்று தடியையும் பத்திரமாக வையுங்கள். மற்றதைப் பிறகு பார்ப்போம்.

றினோஸா


பூவரசங்குளம்,
09.03.2026

ஐயா,

நேற்றுக் காலை போட்ட கடிதம் உங்கள் கைக்கு வரும் முன் இது வந்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். வராது என்றும் தெரியும்.

அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து குசினியில் சீனிப் போத்தலை எடுத்தேன். மூடியைச் சுற்றி எறும்பு. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

அன்று இரண்டு சட்டியில் காய்ச்சினேன். ஒன்று உங்கள் கோப்பைக்கு, பூஞ்சணம் பிடிக்காமல் கறுவாப்பட்டைத் தண்ணீரும் கற்றாழையும் சேர்த்தது, சீனி இல்லாதது. மற்றது நோன்பு திறக்க, சீனி போட்டது. இரண்டும் பார்க்க ஒரே நிறம். வேறு நாளென்றால் ஊற்ற முன் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். அன்று நோன்பு. ருசி பார்க்க முடியாது. எங்கள் வீட்டில் சீனியில்லாததைச் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சீனி போட்டது உங்களுக்கு வந்துவிட்டது. மாமிகூட அன்று, "கறுவா வாசம் அடிக்குதே" என்றா. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சீனி இருந்தால் பூஞ்சணத்துக்கு விருந்து. ஐந்து தடியையும் கொன்றது நான்தான். கத்தி என்று எழுதியதற்கும் பூவாளி என்று எழுதியதற்கும் மன்னியுங்கள். வெட்கமாக இருக்கிறது.

இதோடு மூன்று கோப்பை வருகிறது. நேற்று நோன்பு திறந்த பிறகு ஒவ்வொன்றையும் நானே ருசி பார்த்துத்தான் ஊற்றினேன். ஒரு சுவையும் இல்லை. அதுதான் சரியான சுவை. மூன்று தடியையும் ஆறின கறுவாத் தண்ணீரில் கழுவி, அடியில் ஒரு விரல் அளவு வெட்டி எறிந்துவிட்டு இவற்றில் வையுங்கள். கத்தியைக் கொதிநீரில் போட்டெடுங்கள். இதை ஏச்சாக எடுக்க வேண்டாம்.

றினோஸா


விசுவமடு,
16.03.2026

அன்புள்ள பிள்ளைக்கு,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. முகவரி எழுத்தைப் பார்த்து எது கோபத்தில் எழுதியது என்று கண்டுபிடித்துவிட்டேன். ஆனாலும் வரிசைப்படிதான் வாசித்தேன். தொழில் பழக்கம்.

மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஒரு பூவாளியால் முழுச் செடியையும் கொன்றவன் நான். உங்களிடம் ஐந்து தடிக்குக் கணக்குக் கேட்க எனக்கு வாயில்லை. கத்தியை அன்றும் கழுவினேன், இன்றும் கழுவினேன். அது மட்டும் உண்மை.

மூன்று தடியும் புதுக் கோப்பையில். எறும்பு வரவில்லை. யன்னலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை தரம் பார்க்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

இப்போது வேறொரு சிக்கல். பக்கத்து வீட்டுச் சுகந்தினியிடம் நல்ல போன் இருக்கிறது. பூவைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கோ என்று கமலம் கேட்டாள். சுகந்தினி வீட்டில் இளஞ்சிவப்புச் செவ்வரத்தை ஒன்று நிற்கிறது. அதை எடுத்து அனுப்பச் செய்தேன். "நிறம் வேறயாக் கிடக்கே" என்றாள். போனில் நிறம் மாறித் தெரியும் என்றேன். "ஓம், இருக்கும்" என்றுவிட்டு, சாப்பிட்டீங்களோ என்று கேட்டாள்.

ஒபரேசன் முடிந்து எல்லாம் சரியாம். குரலில் மட்டும் களைப்பு இருக்கிறது. சித்திரை நாலாம் திகதி, ஏப்ரல் நாலு, சனிக்கிழமை வருகிறாள். டொக்டர் விட்டுவிட்டாராம். சந்தோசப்பட வேண்டிய மனிதன் நாள் எண்ணி நடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

நல்லதம்பி


பூவரசங்குளம்,
23.03.2026

ஐயாவுக்கு,

பெருநாள் முடிந்தது. வந்தவர்களுக்கெல்லாம் கடற்பாசி வைத்தேன். சீனி சரியாக இருந்தது. சிறாஜ் ஒவ்வொருவரிடமும், "முதல்ல எறும்பிட்டக் கேட்டுட்டுத்தான் இவ தாறா" என்று சொல்லி மானத்தை வாங்கினார்.

ஏப்ரல் நாலாம் திகதி பங்குனி இருபத்தொன்று. பதற்றத்தில் மாதத்தையே மாற்றி எழுதியிருக்கிறீர்கள். தபால்காரரே திகதி பிழைத்தால் நாங்கள் எங்கே போவது.

எனக்குச் சொல்ல உரிமை இல்லை. ஆனாலும் சொல்கிறேன். அம்மாவிடம் இன்றைக்கே உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஒரு செடிக்கு இத்தனை பொய் அதிகம். அவர் வந்து வாசலில் கருகினதைக் காணும்போது, செடி போனதை விட நீங்கள் தினமும் பூ எண்ணிச் சொன்னதுதான் அவருக்கு நோகும்.

தடியின் அடியில் வெள்ளையாய்ப் புடைப்பு வந்தால் நல்ல அறிகுறி. அதிலிருந்துதான் வேர் கிளம்பும். இழுத்துப் பார்க்க வேண்டாம்.

றினோஸா


விசுவமடு,
30.03.2026

பிள்ளை,

இழுத்துப் பார்த்துவிட்டேன்.

ஒரு தடி போன கிழமையே கறுத்துச் செத்தது. அது மருந்தின் வேலை, உங்களுடையதல்ல. மற்ற இரண்டிலும் நீங்கள் சொன்ன வெள்ளைப் புடைப்பு வந்தது. எனக்குக் கண் சரியில்லை. ஒன்றில் நூல் மாதிரி ஏதோ தெரிந்தது. வேரா, ஜெல்லில் விழுந்த கீறலா என்று அறிய வேண்டும் போல் இருந்தது. மெதுவாகத்தான் இழுத்தேன். வேர்தான். முறிந்து ஜெல்லுக்குள் நின்றுவிட்டது. தடி கையில் வந்தது. திரும்ப வைத்தேன். இன்று வாடிவிட்டது.

எட்டு வைத்தது. ஒன்று மிச்சம்.

சனிக்கிழமை வருகிறாள். இன்னும் ஐந்து நாள். உங்கள் வளவில் வெள்ளை அடுக்குச் செவ்வரத்தை இருக்கிறதா? இடுப்பளவு வளர்ந்ததாய் ஒன்று இருந்தால், பழைய கட்டையைக் கிளறிவிட்டு அந்த இடத்தில் நட்டுவிடுவேன். கத்தரித்துவிட்டேன், அதுதான் சிறிதாகத் தெரிகிறது என்பேன். சிறாஜ் தம்பி வவுனியாவில் பஸ்ஸில் ஏற்றிவிட்டால் நான் இங்கே இறக்குவேன். ஒபரேசன் உடம்போடு வருகிறவளுக்கு முதற்காட்சியாய் அந்தக் கருகின கட்டையைக் காட்ட என்னால் முடியாது. கெஞ்சிக் கேட்கிறேன்.

நல்லதம்பி


பூவரசங்குளம்,
01.04.2026

ஐயா,

இதைப் பஸ்ஸில் தந்துவிடுகிறேன். தபாலுக்குத் துரோகம் என்று கோபிக்க வேண்டாம், நாளில்லை.

கிணற்றடியில் ஒன்று நிற்கிறது. வெள்ளைதான், அடுக்குத்தான், இடுப்பளவுதான். அனுப்ப மாட்டேன்.

நான் தெரியாமல் ஒரு சட்டியை மாற்றி ஊற்றினேன். அதற்கே பத்து நாள் நித்திரையில்லை. நீங்கள் தெரிந்துகொண்டே மாற்றி நடக் கேட்கிறீர்கள். அதற்குப் பிறகு அந்தச் செடி பூக்கும்போதெல்லாம் நீங்கள் வாசலால் எப்படிப் போவீர்கள்?

அந்த ஒற்றைக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். அதுதான் அவரின் செடி. ஏசினால் ஏச்சு வாங்குங்கள். ஏசித் தீர்ப்பதுதான் எங்களைப் போலப் பெண்களுக்குச் சில நேரம் மருந்துக் கடையில் இல்லாத மருந்து.

அம்மாவின் சுகத்துக்காகத் துஆ கேட்கிறேன்.

றினோஸா


விசுவமடு,
10.04.2026

அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கள் மேல் மூன்று நாள் கோபமாக இருந்தேன். இப்போது இல்லை.

சனிக்கிழமை பின்னேரம் வான் வந்தது. சாரங்கா கைபிடித்து இறக்கினாள். கமலம் பாதியாய்ப் போயிருந்தாள். வீட்டுக்குள் வராமல் நேரே செடியடிக்குப் போனாள். நான் பின்னால், கோப்பையோடு. "கமலம், அந்தப் பூவாளி..." என்று தொடங்கினேன். அழுதேன். அறுபத்தாறு வயதில், வான்காரன் பார்த்துக்கொண்டு நிற்க.

அவள் கட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பன்ரெண்டு வருசமா அந்தச் செடியைத் திரும்பியும் பாக்காத மனுசன், ஒவ்வொரு நாளும் பூவை எண்ணிச் சொன்னா எனக்கு விளங்காதே? அஞ்சு பூ எண்ட அண்டைக்கே தெரியும், ஏதோ நடந்துபோச்சு எண்டு."

"அப்ப ஏன் கேட்டனீர், மொட்டு எத்தினை எண்டு?"

"நீங்கள் சொல்லேக்கை கேக்க நல்லா இருந்தது."

பிறகு வாசல் படியில் இருந்துகொண்டு சொன்னாள். ஒபரேசனோடு முடியவில்லை. கட்டி கைக்கடியில் கமக்கட்டுக்குள்ளும் போயிருக்கிறது. இன்னும் ஆறு தரம் மருந்து ஏற்ற வேண்டும். டொக்டர் விடவில்லை, அவளாகத்தான் இரண்டு கிழமை கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். எனக்குச் சொல்லக்கூடாது என்று சாரங்காவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று கத்தினேன்.

"நீங்கள் அஞ்சு பூ பூத்திருக்கு எண்டு சொல்லிக்கொண்டிருக்கேக்கை நான் எப்பிடி இதைச் சொல்லுறது?"

இரண்டு மாதம் நாங்கள் இருவரும் போனில் கதைத்ததெல்லாம் இதுதான் பிள்ளை. அவளுக்கு நான் பூ, எனக்கு அவள் சுகம். ஒன்றும் உண்மையில்லை.

கோப்பையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். என் கண்ணுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்தது. நெல்மணி நீளத்தில் ஒரு வேர்.

இருபதாம் திகதி திரும்பப் போகிறோம். இம்முறை நானும். வயலைக் குத்தகைக்காரரிடம் விட்டாயிற்று. கோப்பையையும் கொண்டுபோகிறாள். தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத செடி ஆஸ்பத்திரிக்கு வசதி என்கிறாள்.

நல்லதம்பி


கொழும்பு,
02.05.2026

அன்புள்ள பிள்ளைக்கு,

கமலம் கேட்கச் சொன்னதை எழுதுகிறேன். அவளுக்குப் பேனை பிடிக்க இன்னும் பலமில்லை.

முதல் மருந்து ஏற்றியாயிற்று. சாப்பாடு இறங்குவதில்லை. கோப்பை கட்டிலுக்குப் பக்கத்து யன்னலில் இருக்கிறது. இப்போது மூன்று வேர். ஒன்று கோப்பையின் அடியைத் தொட்டுவிட்டது. காலையில் கண் விழித்ததும் முதலில் அதைத்தான் தூக்கிப் பார்க்கிறாள். பக்கத்துக் கட்டில்காரியும் எட்டிப் பார்க்கிறா.

நாங்கள் வீட்டுக்குப் போகும் நாளை டொக்டர் சொல்லவில்லை. கேட்டால், பார்ப்போம் என்கிறார். ஜெல்லில் இதை இன்னும் எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று கமலம் கேட்கிறாள். உங்களுக்குத் தெரிந்த சரியான கணக்கை எழுதட்டுமாம். எங்கள் இருவருக்கும் இனிப் பொய் வேண்டாம்.

நல்லதம்பி


பூவரசங்குளம்,
06.05.2026

ஐயாவுக்கும் அம்மாவுக்கும்,

உண்மையை எழுதுகிறேன். வேர் அடியைத் தொட்ட பிறகு இரண்டு கிழமை. கூடினால் மூன்று. ஜெல்லில் சத்து இல்லை. அதற்கு மேல் வைத்திருந்தால் இலை வெளிறி, வந்த வேரும் போய்விடும்.

ஆனால் அதற்காக நீங்கள் வீடு போகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. செடிக்கு வேண்டியது மண். வீடு அல்ல. உங்கள் முற்றத்து மண்ணும் இப்போது வேண்டாம், மருந்து ஊறியிருக்கும். எங்கள் கிணற்றடி மண்ணைச் சலித்து, மக்கின சாணமும் கொஞ்சம் கலந்து, ஒரு சின்னச் சாடியில் இந்தக் கடிதத்தோடு சிறாஜிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொழும்புக்கு லொறியில் வருகிறார். கடித உறையில் நீங்கள் எழுதின ஆஸ்பத்திரி முகவரிக்கு அவரே கொண்டுவந்து தருவார். ஜெல்லை உடைத்துக் கழற்ற வேண்டாம், கோப்பையைக் கத்தரித்துவிட்டு அப்படியே மண்ணில் இறக்கட்டும். அம்மாவின் கையால் இறக்கட்டும். பிறகு தினமும் ஒரு கரண்டி தண்ணீர் வேண்டும். அதற்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

பூக்க ஒரு வருடம் செல்லும். அதையும் உள்ளபடி எழுதிவிட்டேன்.

தடியை இழுத்துப் பார்க்க வேண்டாம் என்று இம்முறை எழுதவில்லை. அம்மா பக்கத்தில் இருக்கிறார்.

றினோஸா